நோய் காணாமல் போன அறை

எலிகளுக்கு உடம்பு தேறிவிட்டதே என்று உட்கார்ந்து அழுத ஆள், கோயமுத்தூர் ஜில்லாவிலேயே லோகப்பிரியா ஒருத்தியாகத்தான் இருக்க முடியும். தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். சிங்காநல்லூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் துறை ஆராய்ச்சி மாணவி அவள். அந்தியூரில் அவள் அம்மா, கேட்கிறவர்களிடமெல்லாம் "என்ற பொண்ணு மலேரியாவுக்கு மருந்து கண்டுபுடிக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் செய்துகொண்டிருந்தது அதற்கு நேர் எதிரான காரியம். மருந்துக்கு மசியாத மலேரியா ஒன்றை அவள் பாடுபட்டு வளர்த்துக்கொண்டிருந்தாள்.

மலேரியாக் கிருமிகளில் எலிக்கென்றே ஒரு வகை உண்டு. அது மனுஷனை அண்டாது. அதை ஒரு வெள்ளெலிக்கு ஏற்றி, குளோரோகுயின் மருந்தைக் கொஞ்சமாகக் கொடுப்பாள். பெரும்பாலான கிருமிகள் செத்துப்போகும். அரைகுறையாகத் தப்பியதை அடுத்த எலிக்கு மாற்றி, மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். அதிலும் தப்பியது அடுத்ததற்கு. இப்படி எலி மாற்றி எலி, ஊசி மாற்றி ஊசி, இரண்டு வருஷம். கடைசியில் அவளிடம் இருந்தது எவ்வளவு மருந்து கொட்டினாலும் அசையாத ஒரு பரம்பரை.

இதை ஏன் செய்தாள் என்றால், தெரிந்துகொள்ளத்தான். இந்தக் கிருமி ரத்தத்தைத் தின்று வாழ்கிறது. தின்ற பின் மிஞ்சும் கழிவு அதற்கே விஷம். அதனால் அதைக் கட்டியாக உருட்டி ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொள்ளும். குளோரோகுயின் அந்த ஒதுக்கும் வேலையைக் கெடுத்துவிடும். கிருமி தன் குப்பையிலேயே கிடந்து சாகும். அப்படியிருக்க, இவளுடைய கிருமி மட்டும் எப்படித் தப்புகிறது? அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பஸ்ஸில் போனாலும் அதுதான், தலை சீவினாலும் அதுதான்.

ஒரே ஒரு சங்கடம். அந்தப் பரம்பரை உயிரோடிருந்த இடம் எலிகளின் ரத்தம் மட்டும்தான். உறைய வைத்துப் பத்திரப்படுத்தும் வசதி பெரிய ஊர்களில் இருந்தது. இங்கே அதற்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். விண்ணப்பம்தான் உறைந்து கிடந்தது. எலிகளின் ரத்தத்திலிருந்து கிருமி போய்விட்டால் இரண்டு வருஷ உழைப்பும் போச்சு. திரும்ப வாங்க உலகத்தில் கடை கிடையாது.

அந்தக் கிருமிதான் இப்போது போய்க்கொண்டிருந்தது.

மருந்தே போடாத எலிகள். நோய் கண்டால் எலிக்குச் சூடு ஏறாது, உடம்பு சில்லிட்டுப்போகும். முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, காதெல்லாம் வெளுத்துக் கிடக்கும். அப்படிக் கிடக்க வேண்டியவை கூண்டுக்குள் துள்ளிக்கொண்டிருந்தன. வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். போன வாரம் பத்து ரத்த அணுவுக்கு ஒன்றில் கிருமி உட்கார்ந்திருந்தது. இந்த வாரம் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"தெளிஞ்சு போச்சுங்க அம்மணி, பாருங்க எப்படி ஓடுதுன்னு" என்றார் மாசாணியம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக. எலி அறையைக் கூட்டிக் கழுவி, தீனி வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். "காச்சல் உட்டதுக்கு யாராச்சும் கண்ணைக் கசக்குவாங்களா?"

"மாசாணியக்கா, உங்களுக்கு நெம்பப் புண்ணியமாப் போகும். நீங்க எதாச்சும் கசாயம் கிசாயம் ஊத்துனீங்களா? நெலவேம்பு, வேப்பங்கொழுந்து... சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"அய்யோ சாமி! நீங்க வெக்கச் சொன்ன தீனி உருண்டையத் தவிர நான் ஒண்ணையும் வெக்கறதில்லீங்க. அதையே அதுக திங்கறதில்லை. வெச்சது வெச்சபடி கெடக்குது."

லோகப்பிரியாவுக்கு முதலில் இது உறைக்கவில்லை. தண்ணீர்ப் புட்டியைச் சந்தேகப்பட்டாள். எதிலாவது பழைய மருந்து ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எல்லாவற்றையும் கொதிக்க வைத்துக் கழுவினாள். ஊசியைச் சந்தேகப்பட்டாள். தன் கையையே சந்தேகப்பட்டாள். வழிகாட்டியான பேராசிரியர் சுந்தரராஜுலுவிடம் போய் நின்றாள். அவர் ஸ்லைடுகளைப் பார்த்தார், மீசையைத் தடவினார், "பார்ப்போம்மா" என்று மட்டும் சொன்னார். எலி ஒன்று தும்மினாலே அரை மணி நேரம் காரணம் அலசுகிற மனுஷர், இப்போது மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று கொஞ்ச நாளாகவே எதிலும் ஒட்டாமல் இருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாமியாவது பூதமாவது என்கிற கட்சி. போன மாதம் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரே பால் போசியும் கையுமாக ஓடிய அன்று, இவர் துறை வராந்தாவில் ஒரு செங்கல்லை நிறுத்தி, ஸ்பூனில் பாலெடுத்து அதன் விளிம்பில் வைத்தார். பால் மெல்ல இறங்கியது. "இந்தா, செங்கல்லும் குடிக்குது. இதுக்கும் ஒரு கோயிலைக் கட்டுங்க" என்றார். மாலைப் பத்திரிகைக்காரன் ஒருவன் அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து பையன்கள் அவரை 'செங்கல் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இரண்டு நாள் கழித்து, ஹாஸ்டலில் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் மாசாணியம்மாள் சொன்னது அவள் மண்டைக்குள் போய் விழுந்தது. தீனி வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஆனால் எலிகள் கொழுத்திருக்கின்றன. தின்னாத எலி எப்படிக் கொழுக்கும்? அப்படியானால் வேறு எதையோ தின்கிறது. யாரோ கொடுக்கிறார்கள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள்.

மறுநாள் அறையை மூக்கால் துழாவினாள். எலி மூத்திர நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, இலேசான புளிப்பு. கூண்டு வைத்த அலமாரியின் காலைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. கோபத்தைவிட ஆவல்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது. யார் என்பதைக்கூட இரண்டாவதாகத்தான் நினைத்தாள். எதைக் கொடுத்தால் மலேரியா இப்படி ஓடும்?

அன்று சாயங்காலம் மாசாணியம்மாள் "வாரேனுங்க அம்மணி" என்று சொல்லிக்கொண்டு பஸ் பிடிக்கப் போன பிறகு, லோகப்பிரியா தீனி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பொழுது இறங்க இறங்க எலிகள் ஒவ்வொன்றாக விழித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. எதற்கோ காத்திருப்பது போல எல்லாம் கதவுப் பக்கமே பார்த்தன.

கதவு திறந்தது. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் சுந்தரராஜுலு. கையில் ஒரு தூக்குப்போசி.

அவர் விளக்கைப் போட்டார். கூண்டு மூடிகளில் இருந்த தீனி உருண்டைகளையெல்லாம் எடுத்து ஒரு வாளியில் போட்டார். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டுகளை வரிசையாகக் கூண்டுக்கு ஒன்றாக உள்ளே வைத்தார். பிறகு லோகப்பிரியா கனவிலும் நினைக்காத ஒன்றைச் செய்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வெறுங்காலோடு நின்று, போசியைத் திறந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் தட்டுத் தட்டாகப் பால் ஊற்றினார்.

"சார்!"

போசி நழுவி விழப் பார்த்தது. பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ இன்னும் ஹாஸ்டலுக்குப் போகலையாம்மா?"

"நீங்க என்னங்க சார் பண்றீங்க?"

அவர் மிச்சமிருந்த தட்டுக்கும் பால் ஊற்றி முடித்தார். பிறகு தீனி மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்ற ஊட்டுக்காரிக்கு வயித்துல கட்டிம்மா. ரத்தம் பத்தாது, ஏத்துன பொறகுதான் ஆப்பரேசன்னு சொல்லிப்போட்டாங்க. அன்னிக்கு ஊரே பிள்ளையாருக்குப் பால் ஊத்துச்சே, அவளும் கூட்டிட்டுப் போகச் சொன்னா. வலியில எந்திரிக்க முடியலை, இருந்தாலும் கேட்டா. நான் இங்க செங்கல்லுக்கு ஊத்திட்டு, அதை ஊட்டுல போய்ப் பெருமையா வேற சொன்னேன். மூஞ்சியத் திருப்பிப் படுத்துக்கிட்டா. மூணு வாரம் கழிச்சு என் கையப் புடிச்சுட்டு, ஒரு மண்டலம் பிள்ளையாருக்குப் பால் ஊத்துங்க, எனக்கு அது போதும்னா. சரின்னுட்டேன்."

"கோயிலுக்கே போயிருக்கலாமில்லீங்க சார்?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? பூசாரி பையன் நம்ம பி.எஸ்சி. ரெண்டாவது வருசம்." அவர் எலிகளைப் பார்த்தார். "பிள்ளையாருக்கு வண்டி இதுகதானே. வண்டிக்கு ஊத்துனா முதலாளிக்குப் போய்ச் சேராதான்னு நெனச்சேன்."

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுபோனது.

"உருண்டைகளை எதுக்குங்க சார் எடுத்தீங்க?"

"தூள் உழுந்து பால் திரிஞ்சுபோகுது. வேற எதும் சேக்காம வெறும் பால்தான் ஊத்தோணும்னு அவளும் சொல்லியிருந்தா. காலையில மாசாணி வர்றதுக்கு முன்னால வந்து, தட்டைக் கழுவி எடுத்துட்டு, உருண்டையத் திரும்ப வெச்சுருவேன்."

எலி ராத்திரியில்தான் தின்னும். பகலில் தூங்கும். ஆக இத்தனை நாளும் இவை பாலைத் தவிர வேறு ஒன்றையும் சரியாகத் தின்னவில்லை. வெறும் பால். லோகப்பிரியா எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், நீங்க கிளாஸ்ல சொன்னதுங்க சார்! மலேரியாக் கிருமிக்குப் பெருகறதுக்கு ஃபோலிக் அமிலம் வேணும். நம்மள மாதிரி அது சாப்பாட்டுல இருந்து எடுத்துக்காது, தானே செஞ்சுக்கும். அதுக்கு மூலப்பொருள் ஒண்ணு. சல்ஃபா மருந்து அந்தப் பொருள் மாதிரியே வேசம் போட்டுட்டுப் போய்க் கெடுக்கும்னு..."

"பி.ஏ.பி.ஏ." என்றார் அவர், வாய்க்குள்ளேயே.

"அது பால்ல அவ்வளவா இல்லைன்னும் நீங்கதானுங்க சொன்னீங்க. இங்கிலாந்துல எலிக்குப் பால் மட்டும் குடுத்ததும் மலேரியா அடங்கிப்போச்சுன்னு."

"நாப்பது வருசத்துக்கு முந்தியே பத்திரிகையில போட்டுட்டான்." அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "வருசா வருசம் போர்டுல எழுதறேன். கையில போசியோட நிக்கறப்ப அது ஞாபகத்துக்கே வல்லியே."

புதிர் அவிழ்ந்த சந்தோஷம் அவளுக்குச் சரியாக ஒரு நிமிஷம் இருந்தது. எவ்வளவு அழகான விஷயம்! குடிசைத் தொழில் செய்கிறவனுக்கு நூல் கிடைக்காமல் தறி நின்ற கதை. அடுத்த நிமிஷமே கூண்டுகள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருசங்க சார். எல்லாம் போகப்போகுது. இனிப் பால் வேண்டாங்க சார். நாளையில இருந்து உருண்டை மட்டும் வெப்போம், மிச்சமிருக்கறது பெருகிரும்."

சுந்தரராஜுலு போசியின் மூடியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஆப்பரேசன் முடியற வரைக்கும் உட்ருவியா கண்ணு?"

"சார், பால் எப்படி வேலை செஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியுமில்லீங்க?"

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். ஊத்தறேன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். நடுவுல நிறுத்தி, அந்த எலிகளும் படுத்து, ஒண்ணொண்ணாச் சாகறதைப் பார்த்துட்டு நான் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவேன்?"

அவருடைய குரல் உடைந்ததை அவள் அதுவரை கேட்டதில்லை. அவர் மேல் கோபமும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். பால் குடிக்கும் எலிகள் பாட்டுக்குக் குடிக்கட்டும். அவற்றின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, மாடி ஸ்டோர் ரூமில் உருண்டை தின்னும் புது எலிகளுக்கு ஏற்றிப் பார்ப்பது. அங்கே கிருமிக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். "வாலுல ஒரு சொட்டு எடுத்துக்கோம்மா, அதுக்கு மேல வேண்டாம்" என்றார் அவர். "கீழ இருக்கறதுல ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது. எனக்கு வாக்குக் குடு." அவளும் கொடுத்தாள்.

மறுநாள் கண் எரிய எரிய ஸ்லைடு பார்த்தாள். கூண்டு கூண்டாக எல்லா எலிகளும் சுத்தம். கடைசிக் கூண்டில், காதோரம் மஞ்சள் சாயம் பூசி அடையாளம் வைத்திருந்த ஒரு பெட்டை எலியிடம் மட்டும், வெகுநேரத் தேடலுக்குப் பிறகு, மோதிரம் போல ஒரே ஒரு கிருமி தென்பட்டது. அவளுடைய பரம்பரையில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அந்த எலியின் வாலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புது எலிகளுக்கு ஏற்றினாள்.

ஒரு வாரம் போனது. மாடி எலிகள் தின்றன, தூங்கின, துள்ளின. ரத்தத்தில் ஒன்றுமில்லை. ஒரு சொட்டு பத்தவில்லை.

அதற்குள் பேராசிரியரின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவர் கிளம்புகிற அவசரத்தில் தூக்குப்போசியை அவள் மேஜையில் வைத்துவிட்டு நின்றார். "நான் ஊத்திக்கறேனுங்க சார், நீங்க போங்க" என்றாள் அவளே. சொன்னபடி தினமும் ஊற்றினாள். முதல் நாள் செருப்போடு நின்று ஊற்றிவிட்டு, கதவு வரைக்கும் போனவள், திரும்பி வந்து அதைக் கழற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவளுக்கும் இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் ஒருத்தர் காரியத்தைக் கையில் வாங்கினால் அவர் செய்கிறபடிதானே செய்ய வேண்டும்.

மஞ்சள் காது எலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதன் ரத்தத்தில் இன்னும் ஏதாவது இருக்கலாம். நாளைக்கு அதுவும் இருக்காது. வாலில் ஒரு சொட்டு போதாது. நெஞ்சில் ஊசி இறக்கி மொத்த ரத்தத்தையும் எடுத்தால் ஒருவேளை கிடைக்கும். எடுத்தால் எலி இருக்காது. இரண்டு வருஷத்தில் அப்படி எத்தனையோ எலிகளிடம் எடுத்திருக்கிறாள், ஒருமுறைகூட யோசித்ததில்லை. இன்றைக்கு ஊசியை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தாள். விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். விட்டால், அந்தக் கிருமி எப்படித் தப்பித்தது என்று தனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதை அவளால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

மயக்க மருந்து நனைத்த பஞ்சை வைத்து, எலி துவண்டதும், ஊசியை இறக்கினாள்.

சாயங்காலம் மாசாணியம்மாள் கூண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கொறையுதுங்களே அம்மணி" என்றார்.

"ஆமாங்க அக்கா" என்றாள். மாசாணியம்மாள் துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.

அந்த ரத்தத்தை ஏற்றிய மாடி எலிகளில் ஒன்று சில நாள் கழித்து முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தது. ஸ்லைடில் கிருமி மோதிரம் மோதிரமாகத் தெரிந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் இன்னொரு சந்தேகம் மிச்சமிருந்தது. இத்தனை அடி வாங்கிய கிருமி பழைய குணத்தோடுதான் இருக்கிறதா? சாதாரணக் கிருமியாகத் திரும்பிவிட்டிருந்தால் கிடைத்தும் பிரயோஜனமில்லை. குளோரோகுயினைக் கரைத்து, அந்த எலிக்குத் தொடர்ந்து நாலு நாள் முழு அளவு ஊற்றினாள். மற்ற எந்தக் கிருமியும் துடைத்தெறிந்தாற்போல் போயிருக்கும்.

ஆப்பரேஷன் நடந்த வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தாள். கிருமிகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கும் ஒரு சேதமுமில்லை. மைக்ராஸ்கோப்பை அணைக்கக்கூட மறந்து, துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடி, முதலில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் குதித்தாள்.

சுந்தரராஜுலு தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாடி மண்டிப்போய், ஆள் பாதியாகியிருந்தார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"சார், வந்துருச்சுங்க சார்! மாடி எலிக்கு வந்துருச்சு. முழு மருந்து போட்டும் அப்படியே நிக்குதுங்க. நம்ம கிருமிதான், போகலைங்க சார்!"

"நெம்ப சந்தோசம் கண்ணு" என்றார். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பால் குடிச்ச எலிக?"

இரண்டு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. கணக்குக்கு ஒத்துவராத எலியைக்கூட விட்டுவிடாமல் சேர்த்துக்கொண்டவள். எழுதும்போது கை நடுங்கினால் அதையும் குறித்து வைக்கச் சொல்லித் தந்தவர் இவர்தான்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்."

"எல்லாமேவா?"

"ஒண்ணு கொறையாம இருக்குதுங்க சார். காலையிலகூடப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். லோகப்பிரியா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.